தென்னிந்திய கிரானுலைட் நிலப்பகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் கேரளத்தின் பெரும்பகுதியும் ஒரே இனத்துக் கற்களின் மேல் இருக்கின்றன. ஒரே இனம் என்றதும் ஒரே கதை என்று நினைத்துவிடக் கூடாது. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் பிறந்த துண்டுகள் இரண்டு பெரிய மோதல்களில் ஒட்டிக்கொண்டு உருவான நிலம் இது. எந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்பதில் புவியியலாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். இந்த நிலத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

தென்னிந்திய கிரானுலைட் நிலப்பகுதி என்று எதைச் சொல்கிறார்கள்?

வடக்கே கர்நாடகத்தின் தார்வார் பழம்பாறைத் தொகுதி. அதன் தெற்கு ஓரத்தில், ஏறக்குறைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில், பாறைகளின் குணம் மாறத் தொடங்குகிறது. அங்கிருந்து கன்னியாகுமரி வரை உள்ளதுதான் இந்த நிலப்பகுதி. சார்னோகைட் என்ற கரும்பச்சைக் கிரானுலைட் பாறைகள் இந்தியாவில் எங்கே தொடங்குகின்றன என்பதை 1936இல் லூயிஸ் லீ ஃபெர்மர் ஒரு கோடாக வரைந்து காட்டினார். அதை இன்றும் ஃபெர்மர் கோடு என்றே சொல்கிறோம்.

வடக்கிலிருந்து தெற்காகப் பார்த்தால் முதலில் சென்னை, சேலம், சேர்வராயன் மலை, பிலிகிரிரங்கன் மலை, நீலகிரி ஆகியவை அடங்கிய வடதுண்டுகள். அடுத்து பாலக்காட்டில் இருந்து கிழக்கே காவிரிச் சமவெளி வரை ஓடும் பாலக்காடு–காவிரி ஷியர் மண்டலம். அதற்குத் தெற்கே, எல்லாவற்றிலும் பெரியதான மதுரைத் துண்டு. கொடைக்கானலும் மூணாறும் இதில்தான். பிறகு அச்சன்கோவில் ஷியர் மண்டலம், திருவனந்தபுரம் துண்டு, கடைசியில் நாகர்கோவில் துண்டு.

ஷியர் மண்டலம் என்பது பூமியின் மேலோட்டின் ஆழத்தில் இரண்டு பெரும் பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை. அங்கே பாறை உடையாது. இழுபட்டு, மெலிந்து, வரிவரியாக நீளும். அகலம் சில கிலோமீட்டரில் இருந்து சில பத்து கிலோமீட்டர் வரை போகும்.

கிரானுலைட்டும் கிரானைட்டும் ஒன்றா?

இல்லை. கிரானைட் என்பது உருகிய குழம்பு ஆறி உறைந்த பாறை. கிரானுலைட் என்பது ஏற்கெனவே இருந்த ஒரு பாறை மேலோட்டின் அடித்தளத்துக்குப் போய் 700 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்து, வேறு கனிமங்களாக மாறியது. மூலப்பாறை கடலடிக் களிமண்ணாகவும் இருக்கலாம், எரிமலைப் பாறையாகவும் இருக்கலாம், பழைய கிரானைட்டாகவே கூட இருக்கலாம்.

வேகும்போது நடக்கும் முக்கியமான காரியம் நீர் போவது. மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் தங்கள் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே நீரை வைத்திருப்பவை. அந்த வெப்பத்தில் அவை நிற்காது. சிதைந்து, நீரில்லாத பைராக்சீன், கார்னெட், ஃபெல்ட்ஸ்பார் என்று ஆகிவிடும். கிரானுலைட்டுக்கு அடையாளமே இந்த வறட்சிதான்.

கல் வியாபாரத்தில் பாலிஷ் ஏறும் எல்லாக் கல்லும் ‘கிரானைட்’. ஜல்லி வாங்கப் போனால் இதே கல்லுக்கு ‘புளூ மெட்டல்’ என்று பெயர். வியாபாரிகள் பேசுவது வேறு கணக்கு. அவர்களைத் திருத்தப் போக வேண்டாம்.

சார்னோகைட்டை எப்படி அடையாளம் காண்பது?

வெயில் மழையில் கிடந்த பரப்பைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது பழுப்பாக, துருப்பிடித்த மாதிரி இருக்கும். குவாரியில் புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள். கரும்பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம். வேறு பாறைகளில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும் ஃபெல்ட்ஸ்பார் இதில் பச்சையேறி இருக்கும். குவார்ட்சில் மங்கிய நீலம் தெரியும். கைலென்சை வைத்துப் பார்த்தால் நடுவே பழுப்பு கலந்த கருமையில், தட்டையான பிளவு முகத்தோடு சில மணிகள் இருக்கும். அதுதான் ஆர்த்தோபைராக்சீன். அது இருந்தால்தான் சார்னோகைட். பல இடங்களில் செந்நிற கார்னெட்டும் சேர்ந்து வரும்.

சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரமும் இந்தப் பாறைக்கு உலகத்தின் மாதிரி இடங்கள். கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். இன்று அண்டார்டிகாவில் கிடைத்தாலும் பிரேசிலில் கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு: 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்ட இடம் அது.

இந்தக் கல் 25 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லையே?

நியாயமான சந்தேகம். கனிமங்களே சொல்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் தொட்டுக்கொண்டு வளர்ந்த இரண்டு கனிமங்கள் இரும்பையும் மக்னீசியத்தையும் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளும். பங்கு எந்த விகிதத்தில் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. கார்னெட், பிளாஜியோகிளேஸ், குவார்ட்ஸ் ஆகியவற்றில் கால்சியம் எங்கே போய் உட்காருகிறது என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. ஆய்வகத்தில் இதே கனிமங்களை அழுத்திச் சூடாக்கி அளந்த அட்டவணைகள் இருக்கின்றன. மின்னணு நுண்ணாய்வுக் கருவியில் ஒரு மணியின் வேதியியலை அளந்தால் விடை வந்துவிடும்.

1 கிலோபார் அழுத்தம் என்பது ஏறத்தாழ 3.5 கி.மீ. கனமான பாறையின் சுமை. சென்னைப் பகுதிச் சார்னோகைட்டுகள் காட்டும் அழுத்தம் 7 கிலோபாரை ஒட்டி வருகிறது. அதாவது சுமார் 25 கி.மீ. நீலகிரியில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகப் போக அழுத்தம் கூடுகிறது. மலை முழுவதும் சற்றுச் சாய்ந்தபடி மேலே வந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

எனக்குப் பிடித்த சாட்சி பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலை. கிருஷ்ணகிரிக்கு வடக்கே மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் உள்ள சாதாரண நைஸ், அதாவது வரிவரியான உருமாறிய பாறை. தருமபுரி நெருங்கும்போது அதில் பச்சைத் திட்டுகள். சேலம் வந்ததும் முழுச் சார்னோகைட். அழுத்தமும் தெற்கு நோக்கிப் படிப்படியாகக் கூடுகிறது. மேலோட்டின் நடுப்பகுதியில் ஏறி அதன் அடிப்பகுதியில் இறங்குகிறீர்கள், அதுவும் பேருந்தில் உட்கார்ந்தபடி.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரும்பாலும் சிர்கான் என்ற கனிமத்தை வைத்து. ஒரு மணியின் நீளம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை அநேகமாக விடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235க்கு சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரம் ஓடுவதால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

சிர்கான் பிடிவாதக்காரன். 800 டிகிரியில் பாறை பாதி உருகினாலும் அது முழுதாக அழியாது. பழைய கருவைச் சுற்றிப் புது ஓரம் வளரும். எலக்ட்ரான் கதிரடித்து அது உமிழும் ஒளியைப் படமெடுத்தால் கரு ஒரு சாயலிலும் ஓரம் வேறொரு சாயலிலும் தெரியும். மதுரைத் துண்டின் மேற்குப் பகுதியில் கரு 250 கோடி ஆண்டு, ஓரம் 55 கோடி ஆண்டு என்று ஒரே மணியில் வருவது வழக்கம். முழு மணியையும் கரைத்து அளந்த பழைய காலத்தில் இந்த இரண்டும் கலந்து, நடுவில் ஏதோ ஒரு எண் வந்தது. பழைய கட்டுரைகளில் வரும் சில விசித்திரமான வயதுகளுக்கு இதுதான் காரணம். அவற்றை இன்றைக்கும் எடுத்து மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

மோனசைட் என்ற தோரியம் கலந்த கனிமமும் நல்ல கடிகாரம். உருமாற்றத்தின்போதே வளர்வதால் ‘வெந்தது எப்போது’ என்ற கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொல்லும்.

முதல் பெரிய மோதல் எப்போது, எப்படி?

சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குச் சற்று முன்பு, ஏறத்தாழ 265 முதல் 253 கோடி ஆண்டு வரை, தார்வார் நிலத்தின் தெற்கே ஒரு கடல் தட்டு அடியில் போய்க்கொண்டிருந்தது. அதன் மேலே எரிமலைத் தொடர்கள் எழுந்தன. சேலம், நாமக்கல், நீலகிரி, சென்னைப் பகுதிச் சார்னோகைட்டுகளில் பெரும்பாலானவை அந்த எரிமலைத் தொடர்களின் அடியில் உறைந்த குழம்புகள்தான். வேதியியல் அப்படித்தான் காட்டுகிறது. பிறகு கடல் மூடி, துண்டுகள் மோதி, மேலோடு தடித்து, அந்தக் குழம்புப் பாறைகளே வெந்து கிரானுலைட் ஆயின. குழம்பு உறைந்ததற்கும் வெந்ததற்கும் இடையே சில கோடி ஆண்டுகள்தான் இடைவெளி.

கடல் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமா? சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலைக்குப் போங்கள். மாக்னடைட்டும் குவார்ட்சும் மாறி மாறி வரியாக இருக்கும். அது பழங்கடலின் அடியில் படிந்த இரும்புப் படிவு; பிறகு மோதலில் அடியில் போய் வெந்தது. அதே இனத்துப் படிவு கொல்லிமலையிலும் தீர்த்தமலையிலும் உண்டு. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலத்துத் தாதுதான் போனது.

நாமக்கல் மாவட்டம் தேவனூரில் கடல்தட்டின் நறுக்கு என்று கருதப்படும் பாறை வரிசை இருக்கிறது. அதன் வயதும் 250 கோடியை ஒட்டியே வருகிறது.

சித்தம்பூண்டியைப் பற்றி நிலாவோடு சேர்த்துப் பேசுகிறார்களே?

சித்தம்பூண்டி நாமக்கல் மாவட்டத்துக் கிராமம். அங்கே தரையில் தெரிவது அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை. கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் நிறைந்த பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பாரால் ஆனது. நிலாவின் வெளிச்சமான மேட்டுநிலங்களும் இந்த வகைப் பாறைதான். அதனால்தான் சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தையும் உலவியையும் சோதிக்க இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்துச் செயற்கை நிலா மண் தயாரித்தது.

செய்தித்தாள்கள் இதோடு நிறுத்திக்கொண்டன. புவியியலாளர்களுக்கு இதைவிடச் சுவையான விஷயம் ஒன்று அங்கே இருக்கிறது. அனார்த்தோசைட்டுக்கு நடுவே மெல்லிய கருப்புப் பட்டைகளாகக் குரோமைட் ஓடும். குழம்பு ஆறும்போது கனமான கனிமம் அடியில் தங்கிய அடுக்கு அது. ஒரு காலத்தில் கிடைமட்டமாக இருந்த அந்தப் பட்டைகள் இன்று செங்குத்தாக நிற்கின்றன, மடிந்து கிடக்கின்றன. கூடவே வரும் கார்னெட்–பைராக்சீன் பாறைகளில் சில, சாதாரண கிரானுலைட்டைவிட மிக அதிகமான அழுத்தத்தைக் காட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியென்றால் அவை தட்டோடு சேர்ந்து மிக ஆழத்துக்கு இழுக்கப்பட்டு, திரும்பி வந்தவை. பூமியில் தட்டுகள் ஒன்றன் அடியில் ஒன்று போகும் வழக்கம் 250 கோடி ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டதா என்ற பெரிய விவாதத்தில் நாமக்கல் மாவட்டம் இப்படித்தான் நுழைகிறது.

250 கோடிக்கும் 55 கோடிக்கும் நடுவில் ஒன்றுமே நடக்கவில்லையா?

நடந்தது, ஆனால் சிதறலாக. நாகர்கோவில் துண்டின் சார்னோகைட்டுகள் சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் உறைந்த குழம்பு. திருவனந்தபுரம் துண்டின் கொண்டலைட்டுகள் (கார்னெட் நிறைந்த வெந்த பாறைகள்) மணலும் களிமண்ணுமாகப் படிந்தவை. படிந்தது சுமார் 190 கோடி ஆண்டுக்குப் பிறகு. கரூர் மாவட்டம் கடவூரில் கிண்ணம் போன்ற மலைவளையத்துக்குள் இருக்கும் காப்ரோ–அனார்த்தோசைட் சுமார் 83 கோடி ஆண்டு. திருப்பத்தூர் பக்கம் ஏலகிரியின் சையனைட்டும் (குவார்ட்ஸ் குறைந்த குழம்புப் பாறை) சேவத்தூரின் கார்பனடைட்டும் (கார்பனேட் கனிமங்களாலான குழம்புப் பாறை) 75 முதல் 80 கோடி ஆண்டு வாக்கில் வந்தவை. இந்தக் கடைசி வகைக் குழம்புகள் நிலம் இழுபட்டு விரியும்போது வருபவை. எங்கோ ஒரு கடல் திறந்துகொண்டிருந்தது என்று இதை வாசிக்கலாம்.

இரண்டாவது மோதல்?

தென்கண்டங்களும் இந்தியாவும் அடங்கிய கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சி. ஆப்பிரிக்காவுக்கும் இந்தியா–அண்டார்டிகா பக்கத்துக்கும் நடுவே மொசாம்பிக் கடல் என்று இன்று பெயரிட்டிருக்கும் ஒரு கடல் இருந்தது. அது 60 கோடி ஆண்டு வாக்கில் மூடத் தொடங்கி, சுமார் 55 கோடி ஆண்டில் மோதல் முற்றியது. எத்தியோப்பியா முதல் மொசாம்பிக் வரை, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, கிழக்கு அண்டார்டிகா என்று பெரிய மலைத்தொடர் எழுந்தது. அந்தத் தொடரின் அடித்தளம்தான் மதுரையும் திருவனந்தபுரமும்.

இந்த மோதல் வடக்கே நீலகிரியையும் சென்னையையும் அநேகமாகத் தொடவில்லை. அங்கே 250 கோடியே கடைசிப் பெரிய வேக்காடு. பாலக்காடு–காவிரி மண்டலத்தில் இரண்டு வயதும் கலந்து வரும். மதுரையில் 55 கோடி ஓங்கியிருக்கும். திருவனந்தபுரத்தில் வெந்த காலம் முழுக்க அதுதான். தெற்கே போகப் போக இளமை.

1,000 டிகிரி வரை வெந்தது என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். 900 டிகிரியைத் தாண்டினால் அதற்கு மீயுயர் வெப்ப உருமாற்றம் என்று தனி வகுப்பே இருக்கிறது. உலகில் அதற்குப் பேர்போன இடங்களில் ஒன்று கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டி. அங்குள்ள பாறையில் சஃபிரின் என்ற நீலநிறக் கனிமம் இருக்கிறது. மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்த பாறையில், மிக அதிக வெப்பத்தில் மட்டும் வருவது. பழனி மலைத்தொடரில் வேறு சில இடங்களிலும் உண்டு. சஃபிரினும் குவார்ட்சும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் பேச்சே வேண்டாம், 1,000 டிகிரியை ஒட்டிய வெப்பம்.

நுண்ணோக்கியில் அந்தப் பாறையின் மெல்லிய சீவலைப் பார்க்க வேண்டும். நடுவில் அரித்துப்போன கார்னெட். அதைச் சுற்றி ஆர்த்தோபைராக்சீன், கார்டியரைட், சஃபிரின் மூன்றும் விரல்ரேகை போல வளைந்து பின்னிக்கிடக்கும். கார்னெட் அடர்த்தியான கனிமம், கார்டியரைட் அடர்த்தி குறைந்தது. ஆகவே கார்னெட் போய்க் கார்டியரைட் வந்தது என்றால் வெப்பம் குறையாமலே அழுத்தம் குறைந்தது என்று பொருள். ஆழத்தில் இருந்த பாறை சூட்டோடு சூடாகச் சில கிலோமீட்டர் மேலே வந்திருக்கிறது. மேலே அழுத்திக்கொண்டிருந்த மலை சரிந்தோ, அரித்தோ, விரிந்தோ போயிருக்க வேண்டும்.

அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது?

சாதாரணமாக ஒரு கண்டத்தின் அடியில், 35 கி.மீ. ஆழத்தில், 500, 600 டிகிரிதான் இருக்கும். கூடுதல் 400 டிகிரிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு கட்சி, அடியில் போன தட்டு முறிந்து விழ, மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்தின் சூடான பொருள் மேலோட்டின் அடிவரை ஏறியது என்கிறது. இன்னொரு கட்சி, கதிரியக்கம் போதும் என்கிறது: மேலோடு மோதலில் இருமடங்கு தடித்து, உள்ளே யுரேனியமும் தோரியமும் நிறைந்து, மேலே அரிப்பு மெதுவாக நடந்தால் பாறை தன் சூட்டிலேயே சில கோடி ஆண்டுகள் வேகும்.

நான் இரண்டாவது கட்சி. காரணம் மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரை மணலிலும் கேரளத்தில் சவறா மணலிலும் உள்ள மோனசைட் முழுவதும் பின்னால் இருக்கும் கொண்டலைட், சார்னோகைட் மலைகளில் இருந்து அரித்து வந்தது. தோரியத்துக்காக 1909இலேயே உலகம் தேடி வந்த மணல் அது. இவ்வளவு தோரியம் உள்ள பாறைத்தொகுதி ஆழத்தில் கிடந்தால் சும்மா கிடக்குமா? முதல் கட்சிக்கும் ஒரு வலு இருக்கிறது: ஒட்டன்சத்திரத்து அனார்த்தோசைட் சுமார் 56 கோடி ஆண்டு, சரியாக அந்த நேரம். மூடகத்தில் இருந்து குழம்பு வந்ததற்கு அது சாட்சி. சூட்டை ஆரம்பித்தது கதிரியக்கம், உச்சத்துக்குத் தள்ளியது குழம்பு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு.

அப்படியானால் அந்த மோதலின் ஒட்டு பாலக்காட்டுக் கணவாயா?

இந்தத் துறையில் சூடான வாக்குவாதம் இதுதான்.

1980இல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து மோயாறு, பவானி, பாலக்காடு–காவிரி என்று நீண்ட ஷியர் மண்டலங்களை வரைந்தார்கள். அதுவரை ஒரே தொகுதி என்று கருதப்பட்ட நிலம் துண்டுதுண்டாகத் தெரிந்தது. பிறகு, வடக்கே 250 கோடி வயது, தெற்கே 55 கோடி வயது, நடுவே ஷியர் மண்டலம். ஆகவே மொசாம்பிக் கடல் மூடிய ஒட்டு இதுதான் என்ற கருத்து எழுந்து, 2007 வாக்கில் வலுப்பெற்றது. காவிரிக் கரையில் மணமேடு என்ற இடத்தில் 75, 80 கோடி ஆண்டு வயதுள்ள கடல்தட்டுப் பாறைகள் கிடைத்தது அந்தத் தரப்புக்குப் பெரிய பலம்.

எதிர்த்தரப்பின் வாதம் எளிமையானது. கணவாயைத் தாண்டித் தெற்கே போனாலும் மதுரைத் துண்டின் வடக்கிலும் மேற்கிலும் 250 கோடி வயதுச் சார்னோகைட்டே இருக்கிறது. இருபுறமும் ஒரே பாறை என்றால் அங்கே கடல் எப்படி இருந்திருக்கும்? ஆகவே எல்லையை இன்னும் தெற்கே தேட வேண்டும். 2004இல் முன்வைக்கப்பட்ட கரூர்–கம்பம்–பைனாவு–திருச்சூர் கோடு அப்படி ஒரு முயற்சி. மதுரைத் துண்டின் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள குவார்ட்சைட்டுகளில் கிடைக்கும் சிர்கான் மணிகள் மேற்குப் பகுதியோடு பொருந்தாமல் இருப்பதும் இந்தப் பக்கத்துக்கே சாதகம்.

எனக்குத் தோன்றுவது இது: பாலக்காடு–காவிரி மண்டலம் 250 கோடி ஆண்டு ஒட்டு, 55 கோடியில் அதே பலவீனத்தில் நிலம் மறுபடி நகர்ந்தது. அந்தக் காலத்தின் உண்மையான எல்லை மதுரைத் துண்டுக்குள்ளேயே போகிறது. மணமேட்டுப் பாறைகள் இந்த வாசிப்புக்கு இன்னும் முள்ளாகத்தான் இருக்கின்றன.

ஒன்று மட்டும் தெளிவு. பேருந்து போகும் கணவாய், சுமார் 30 கி.மீ. அகலமுள்ள அந்த இடைவெளி, மோதலில் திறந்த வாசல் அல்ல. ஷியர் மண்டலத்தின் நலிந்த பாறைகளை அரிப்பு எளிதாகத் தின்றதால் மிகப் பின்னால் வந்த நில அமைப்பு.

அச்சன்கோவில் மண்டலம்?

செங்கோட்டை, தென்மலை வழியாக வடமேற்கு–தென்கிழக்காக ஓடுவது. மதுரைத் துண்டையும் திருவனந்தபுரம் துண்டையும் பிரிப்பது. கார்டியரைட் நைஸ் நிறைய. மடகாஸ்கரின் ரனோட்சாரா மண்டலத்தோடு இதை நேர்கோட்டில் இணைத்துப் படம் போடுவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. ரனோட்சாரா அவ்வளவு நீளமான, ஆழமான கோடே இல்லை என்று 2010இல் மறுஆய்வு வந்தது. அதன் பிறகு அந்த இணைப்பை நம்பிக் கண்டங்களை ஒட்டுவது சரியல்ல.

பாறையில் இருந்த நீர் எங்கே போனது?

கர்நாடகத்தில் கப்பல்துர்கா என்ற இடத்தில் ஒரு குவாரி உண்டு. சாம்பல்நிற நைஸ் பாறைக்குள் விரிசல்களை ஒட்டியும் வரிகளை ஒட்டியும் கரும்பச்சைச் சார்னோகைட் திட்டுகள் பரவியிருக்கும். ஒரே கல்லில் பாதி நைஸ், பாதி சார்னோகைட். சார்னோகைட் உருவாகிக்கொண்டிருக்கும்போதே பிடிபட்டது என்று 1960இல் சி.எஸ். பிச்சமுத்து எழுதினார். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பொன்முடியிலும் இதே காட்சி.

கனிமங்களுக்குள் சிறைப்பட்ட நுண்குமிழிகளைச் சோதித்தபோது அடர்த்தியான கரியமில வாயு இருந்தது. அதை வைத்து, ஆழத்தில் இருந்து வந்த கரியமில வாயு வெள்ளம் நீரை விரட்டியது என்ற கொள்கை 1980களில் கொடிகட்டிப் பறந்தது. கப்பல்துர்காவுக்கும் பொன்முடிக்கும் அது பொருந்தும். ஆனால் நீலகிரி அளவுக்கு ஒரு மலையையே உலர்த்த அவ்வளவு வாயுவுக்கு எங்கே போவது? பெரிய சார்னோகைட் மலைகள் பிறக்கும்போதே வறண்ட குழம்பு. களிமண்ணில் இருந்து வந்த பாறைகளில் பகுதி உருகிய குழம்பு நீரையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டது. இன்று பலரும் ஏற்பது இதை. விரிசல் வழியே உப்புநீர்க் கரைசலும் வேலை செய்தது என்பது பின்னால் சேர்ந்த திருத்தம்.

நீலகிரியும் பழனி மலையும் அந்தப் பழைய மலைகளின் மிச்சமா?

பாறை பழையது, மலை புதியது. இதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மோதலில் எழுந்த மலைகள் எப்போதோ அரித்து முடிந்தன. அரியலூர், திருச்சிப் பகுதியில் கிரிட்டேசியக் காலக் கடல்படிவுகள் நேராக இந்த ஆழப்பாறைகளின் மேலேயே படிந்திருக்கின்றன. அப்படியென்றால் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பே 25 கி.மீ. பாறை கழன்று, அடித்தளம் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் 2,695 மீட்டர் ஆனைமுடியும் இன்றைக்கு நிற்கும் உயரத்துக்குக் கோண்ட்வானா பிளந்த பிறகு நடந்த மேலெழுச்சியும் அரிப்பும்தான் பெரும்பாலும் காரணம். மடகாஸ்கர் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்.

இலங்கையோடு என்ன தொடர்பு?

ஒரே மலைத்தொடரின் அடுத்த அறை. நடுவில் மலைநாட்டுத் தொகுதி, மேற்கே வன்னித் தொகுதி, கிழக்கே விஜயன் தொகுதி. மலைநாட்டுத் தொகுதி வடகிழக்கே திருகோணமலை வரை நீள்கிறது. அங்கும் கொண்டலைட், சார்னோகைட், சஃபிரின். அங்கும் 55 கோடியை ஒட்டிய வயது. இரத்தினபுரிச் சரளைகளில் அள்ளும் நீலக்கற்கள் இந்தப் பாறைகள் வெந்ததன் விளைவு. யாழ்ப்பாணத்தில் தோண்டினால் மட்டும் இதைப் பார்க்க முடியாது. மேலே மயோசீன் சுண்ணாம்புக்கல் மூடியிருக்கிறது.

அண்டார்டிகாவில் ஜப்பானின் சியோவா ஆய்வுநிலையம் இருக்கும் லுட்சோவ்–ஹோம் விரிகுடாவிலும் இதே காலத்துக் கிரானுலைட். அதனால்தான் ஜப்பானியப் புவியியலாளர்கள் பழனி மலையில் சுத்தியலோடு அலைகிறார்கள்.

இதனால் நமக்குக் கிடைத்தவை என்னென்ன?

மோனசைட், இல்மனைட், கார்னெட் மணல், சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டு மாக்னசைட், கஞ்சமலை இரும்பு, காங்கயம், கரூர் பக்கத்துக் கல்வகைகள். திருப்பூர் மாவட்டம் படியூரில் வெட்டிய கடல்நீல பெரில் கல் கொடுமணல் வழியாக ரோமாபுரிக்குப் போனதாகத் தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். ஊர் முழுக்க ஓடும் ஜல்லி லாரிகளையும் எம்-சாண்டையும் கணக்கில் சேர்த்தால் அதுதான் முதலிடம்.

பழைய ஒட்டுகள் இருப்பதால் நிலநடுக்க ஆபத்து உண்டா?

குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. 1900 பிப்ரவரி 8இல் கோவை வட்டாரத்தில் ஏறத்தாழ 6 அளவுக்கு நிலநடுக்கம் வந்தது. பாலக்காடு–காவிரி மண்டலத்துக்குள் அந்த இடம். ஷியர் மண்டலம் தானாக நகர்வதில்லை. இந்தியத் தட்டு வடக்கே இமயத்தில் முட்டிக்கொண்டிருப்பதால் ஏறும் அழுத்தம் எப்போதாவது பழைய பலவீனங்களில் விடுபடுகிறது.

பார்க்கப் போனால் கல்லை உடைத்து எடுத்து வரலாமா?

பரங்கிமலை தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அங்கே சுத்தியலை எடுக்காதீர்கள். சித்தம்பூண்டியிலும் தோண்டக் கூடாது. ஓடும் குவாரியில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, வெடி வைக்காத நேரமாகப் பார்த்து, குவியலில் கிடக்கும் துண்டை எடுங்கள். புதிய உடைப்பாக, உள்ளங்கை அளவுக்கு இருந்தால் போதும். எடுத்த இடத்தை அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள். இடம் தெரியாத கல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.